சுகர் உள்ளவர் தட்டுக்கு ஜெருசலேம் ஆர்ட்டிசோக்கா, வேலூர்ச் சந்தைக் காய்கறியா?

குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கை ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும் ஒரு கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், சர்க்கரை நோய்க்கு இதைவிட நல்ல உணவு உலகத்தில் இல்லை என்கிறார். அதன் கீழே தங்கையின் கேள்வி: "அண்ணா, எங்க மாமாவுக்கு இத வாங்கலாமா? ஆன்லைன்ல வெல பாத்தா தல சுத்துது." அவள் மாமனாருக்குப் பல வருடமாகச் சுகர். மாத்திரை உண்டு, ஊசி இல்லை. மூன்று வேளையில் இரண்டு வேளை சோறு இல்லாமல் முடியாது.

அந்தக் கிழங்கு ஜெருசலேம் ஆர்ட்டிசோக். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த செடி, மஞ்சள் பூ பூக்கும், ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிதான் அதன் சொந்த மண். அங்கே பழங்குடி மக்கள் பயிரிட்டுவந்ததை 1605-இல் பிரெஞ்சுக்காரரான சாம்ப்ளேன் பார்த்தார், அப்புறம் அது ஐரோப்பாவுக்குப் போனது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸில் உருளைக்கிழங்கு சரியாகக் கிடைக்காமல் ஜனங்கள் இதைத் தின்று நாள் கடத்தினார்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குப் போர் முடிந்த பிறகு இதைக் கண்டாலே வெறுப்பு.

சர்க்கரை நோயாளிகளோடு இதற்கு உறவு ஏற்பட்டது அதன் உள்ளே இருக்கும் சரக்கினால். உருளை, மரவள்ளி, கருணை எல்லாம் தங்கள் சேமிப்பை மாவுச்சத்தாக வைத்திருக்கின்றன. மாவுச்சத்து குளுக்கோஸ் கோத்த சங்கிலி. வாயிலும் சிறுகுடலிலும் அது உடைந்து குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறுகிறது. இந்தக் கிழங்கு வைத்திருப்பது இனுலின். அது ஃப்ரக்டோஸ் கோத்த சங்கிலி, அதை அறுக்கும் நொதி நம் உடம்பில் கிடையாது. சிறுகுடலை அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு அது தீனி. அவை அதைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களையும் நிறைய வாயுவையும் உண்டாக்குகின்றன. வாயு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இது நேற்று கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. ஜெர்மானிய மருத்துவர் க்யூல்ஸ் 1874-லேயே சர்க்கரை நோயாளிகளுக்கு இனுலினைக் கொடுத்து, அவர்கள் சிறுநீரில் சர்க்கரை தென்படவில்லை என்று பதிவு செய்தார். 1921-இல் இன்சுலின் வரும்வரை மருத்துவர்கள் கையில் பத்தியத்தைத் தவிர அதிகம் எதுவும் இல்லாத காலம் அது. பெயர் ஒத்துப்போவதால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இனுலின் பொடி இன்சுலின் ஊசிக்கு மாற்றே இல்லை. ஊசியை நிறுத்திவிட்டுப் பொடியைக் கரைத்துக் குடித்தால் உயிருக்கு ஆபத்து.

சரி, எண்களுக்கு வருவோம். அமெரிக்க வேளாண் துறையின் பட்டியலில் 100 கிராம் பச்சைக் கிழங்குக்கு 73 கலோரி, 17 கிராம் சொச்சம் கார்போஹைட்ரேட். நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய பட்டியலில் உருளைக்கிழங்குக்கு ஏறத்தாழ 23 கிராம், கருணைக்கிழங்குக்கு 18, சேப்பங்கிழங்குக்கு 21, சர்க்கரைவள்ளிக்கு 28, மரவள்ளிக்கு 38. இதை மட்டும் பார்த்தால் ஆர்ட்டிசோக்கும் கருணையும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் கருணையின் 18 கிராமில் பெரும்பகுதி மாவுச்சத்து. ஆர்ட்டிசோக்கின் 17 கிராமில் பெரும்பகுதி இனுலின், ரத்தச் சர்க்கரையாக மாறாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, அது உண்மையான வித்தியாசம்தான். வீடியோக்காரர் அந்த அளவுக்குப் பொய் சொல்லவில்லை.

அவர் தாண்டிப்போவது அடுத்த படியில். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குத் தினம் 10 கிராம் அளவில் இனுலின் கொடுத்துச் சில வாரங்கள் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சியும் கொஞ்சம் குறைந்ததாகப் பலவற்றில் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. குறையும் இடத்திலும் அது சிறிய குறைவு. மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு எதுவும் நடப்பதில்லை.

அதனால் நான் இந்தக் கேள்வியை வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு கிழங்கு சுகருக்கு நல்லதா என்பதைவிட, அது தட்டில் எதை வெளியே தள்ளுகிறது என்பதுதான் கணக்கு. வடித்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் கார்போஹைட்ரேட். மதியம் ஒரு தட்டுச் சோற்றை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஆர்ட்டிசோக் பொரியல் வைத்தால் சோற்றின் சர்க்கரை அப்படியே ஏறும். ஒரு கரண்டிச் சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொரியலை வைத்தால் மட்டும்தான் ஏதாவது நடக்கும். ஒரு கரண்டிச் சோற்றை எடுத்தபின் அங்கே வைக்க வேலூரில் வேறு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால், ஆர்ட்டிசோக்கின் பவுசு கொஞ்சம் குறைகிறது.

முதலில் நம் கிழங்குகள். கருணைக்கிழங்கு (தெற்கே சேனை என்பார்கள்) நேதாஜி மார்க்கெட்டில் வெட்டி எடை போட்டுத் தருவார்கள். நம் ஊர்க் கிழங்குகளில் சுகர்காரருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். ஆனால் இது சோற்றுக்குப் பதில், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அல்ல. நம் வீடுகளில் கருணை வறுவல் என்றால் எண்ணெயில் மொறுமொறுவென்று எடுத்து, அந்த ருசிக்கு இன்னும் ஒரு பிடி சோறு இறங்கும். அப்படிச் சாப்பிட்டால் எந்தக் கிழங்கும் குற்றவாளிதான். சர்க்கரைவள்ளியைப் பேரைக் கேட்டே ஒதுக்குகிறவர்கள் அதே கையால் இரண்டு வடை எடுத்துக்கொள்கிறார்கள். அவித்த சர்க்கரைவள்ளி ஒரு சிறு துண்டு, காலை இட்லியில் ஒன்றைக் குறைத்துவிட்டுச் சாப்பிட்டால் பெரிய தப்பில்லை. நாலு மணிக்குக் கூடுதலாகச் சாப்பிட்டால் தப்பு. மரவள்ளி வேண்டாம், 38 கிராம் என்பது ரொம்ப அதிகம். பொங்கல் சமயத்தில் வரும் பனங்கிழங்கில் நார் நிறைய, மென்று தின்னவே நேரம் பிடிக்கும். அதிலும் மாவு உண்டு என்றாலும் ஒன்றோடு நிறுத்துகிறவருக்கு நல்ல தீனி.

கிழங்கை விட்டுவிட்டுக் காய்க்கு வந்தால் கதையே மாறுகிறது. நூக்கல். நூல்கோல் என்று எழுதுகிறோம், கடையில் கேட்பது நூக்கல். 100 கிராமில் கார்போஹைட்ரேட் 4 கிராம்கூட இல்லை. பச்சை ஆர்ட்டிசோக்கைக் கடித்தால் வரும் நறுக்கென்ற பதமும் லேசான இனிப்பும் நூக்கலிலும் ஏறக்குறைய உண்டு. இனுலின் கிடையாது, அது உண்மை. ஆனால் சோற்றின் இடத்தைப் பிடிப்பதுதான் வேலை என்றால் நூக்கல் கூட்டு அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்கிறது, கொடுக்கும் காசும் சில்லறை. முள்ளங்கியும் அப்படித்தான்.

அப்புறம் நம் ஊர்ப் பெருமை. அணைக்கட்டு பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளு கத்தரிக்காய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பிலும் தொப்பியிலும் முள் இருக்கும், சதை அதிகம், விதை குறைவு. சுகர்காரருக்கு இது பயமில்லாமல் வயிறு நிறையச் சாப்பிடக்கூடிய காய், எண்ணெயில் மிதக்கவிடாத வரைக்கும். ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் வைக்கிறார்களே, அந்தத் தட்டில் பிரியாணியும் கத்தரிக்காயும் அளவில் இடம் மாறிக்கொண்டால் நானே சுகர்காரர்களுக்குச் சிபாரிசு செய்வேன். யாரும் கேட்கமாட்டார்கள்.

களியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வட ஆற்காட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கேவுரு களி சாப்பிட்டால் சுகர் வராது என்று இங்கே ஒரு நம்பிக்கை. கேழ்வரகு நல்ல தானியம்: 100 கிராமில் 344 மில்லிகிராம் கால்சியம், அரிசியைவிட அதிக நார். ஆனால் வேகவைக்காத தானியக் கணக்கில் கார்போஹைட்ரேட் 72 கிராம், வேகவைக்காத அரிசிக்குக் கொஞ்சம்தான் கீழே. போதாக்குறைக்கு நாம் களி கிண்டும்போது அரிசி நொய்யை வேகவைத்து அதில்தான் மாவைப் போடுகிறோம். நைசாக அரைத்த மாவு, குழைந்த நொய், இரண்டும் வேகமாகச் செரிக்கும். பெரிய உருண்டை ஒன்றைக் குழம்பில் முக்கி விழுங்கிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தால் நம்பிக்கை ஆட்டம் காணும். நொய்யைக் குறைத்து, உருண்டையைச் சிறிதாக்கி, பக்கத்தில் கீரை மசியலை இரண்டு பங்காக வைத்தால் களி நல்ல சாப்பாடு. ஜவ்வாது மலைச் சாமைக்கும் இதே விதிதான். சிறுதானியம் என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடும் சலுகை யாருக்கும் இல்லை.

இதெல்லாம் சரி, இனுலின்தான் வேண்டும் என்று ஒருவர் கேட்டால்? அதுவும் சந்தையிலேயே இருக்கிறது. பூண்டில் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்த வகைச் சத்து உண்டு. வெங்காயத்தில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை. ஆர்ட்டிசோக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ பதினாறு. அதனால் 10 கிராம் இனுலினுக்கு 60 கிராம் சொச்சம் ஆர்ட்டிசோக் போதும், வெங்காயம் என்றால் 140 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை வேண்டும். செறிவில் ஆர்ட்டிசோக்தான் மேல், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தினமும் சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் போட்டுக் குழம்பு வைக்கும் வீட்டில், தெரியாமலே ஒரு பங்கு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. மொச்சை, காராமணி, கொள்ளு, தை மாதம் வரும் பச்சைத் துவரை இவற்றிலும் பெருங்குடல் பாக்டீரியாவுக்குத் தீனி உண்டு. அது இனுலின் இல்லை, வேறு வகை. கூடவே புரதம் கிடைக்கிறது, சோற்றையும் குறைக்க முடிகிறது. காபியில் போடும் சிக்கரியைச் சிலர் கேட்பார்கள். உலகத்தில் விற்கும் இனுலின் பொடியில் பெரும்பகுதி சிக்கரி வேரிலிருந்துதான் எடுக்கிறார்கள், அது சரி. ஆனால் காபிக்கு வேரை வறுக்கும்போது இனுலின் பெருமளவு சிதைந்துவிடும். சிக்கரி காபியைச் சுகர் மருந்தாக நினைத்து இன்னொரு டம்ளர் குடிக்க வேண்டாம்.

பொடியைப் பற்றி நீட்ட எனக்கு மனமில்லை. ஆர்ட்டிசோக் பொடி, இனுலின் பொடி இரண்டும் ஆன்லைனில் கிடைக்கின்றன. அளந்து போடலாம் என்பது ஒரு வசதி. மலச்சிக்கலுக்கு உதவும், தினம் 12 கிராம் சிக்கரி இனுலினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே அந்த அளவில் ஒப்புதல் தந்திருக்கிறது. ஆனால் பொடி தட்டிலிருந்து எதையும் வெளியே தள்ளுவதில்லை. மோரில் கலந்து குடித்துவிட்டு, அதுதான் குடித்துவிட்டோமே என்று அதே சோற்றைச் சாப்பிடுவதுதான் நடக்கிறது. பட்டியலில் நான் கடைசியில் வைப்பது இதைத்தான்.

இனி வாயு. ஆர்ட்டிசோக்குக்கு இந்த விஷயத்தில் நாலு நூற்றாண்டாகக் கெட்ட பெயர். மொச்சையே தோற்கும். பழக்கமில்லாத வயிற்றில் முதல் நாளே கால் கிலோ போட்டால் வயிறு உப்பி, இழுத்துப் பிடித்து, பேதியும் ஆகலாம். சுகர்காரர்களுக்கு இது இன்னும் மோசம். மெட்ஃபார்மின் மாத்திரையே பலருக்கு வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு சேர்த்துப் போடும் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் மாவுச்சத்தின் செரிமானத்தைத் தாமதமாக்கியே வேலை செய்கின்றன, அவையும் வாயுவைக் கிளப்பும். இவற்றின் மேல் இனுலினும் சேர்ந்தால் குற்றம் யாருடையது என்றே கண்டுபிடிக்க முடியாது. மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.

இதைவிட முக்கியமானது லோ சுகர். கிளிமிபிரைட் போன்ற மாத்திரை போடுகிறவர்கள், இன்சுலின் ஊசி போடுகிறவர்கள், வழக்கமான சோற்றுக்கு ஏற்ற அளவில்தான் மருந்து எடுக்கிறார்கள். அந்தச் சோற்றை எடுத்துவிட்டு, குளுக்கோஸ் தராத கிழங்கை வைத்தால் மருந்து அதே வேலையைச் செய்யும், ஆனால் சர்க்கரை வந்து சேராது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, சில சமயம் மயக்கம். நல்ல உணவு சாப்பிட்டோம் என்று இருக்கும்போது இது வந்தால் வீட்டில் யாருக்கும் காரணம் புரியாது. நூக்கலுக்கும் கத்தரிக்காய்க்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: சோற்றைப் பாதியாகக் குறைக்கும் முன் மருத்துவரிடமோ உணவு ஆலோசகரிடமோ மருந்தின் அளவைக் கேட்டுவிட வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையை நம்பி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். இதே ஊரில் இருந்துகொண்டு நாம் வீடியோவைக் கேட்பதில் அர்த்தமில்லை.

சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு ஆர்ட்டிசோக் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. 100 கிராமில் 430 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது, உருளைக்கிழங்குக்குச் சமம். கருணையிலும் பொட்டாசியம் அதிகம், கூடவே சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் எந்தக் கிழங்கையும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் ருசி பார்க்க ஆசை என்றால், தாராளமாகப் பார்க்கலாம், கெட்ட உணவு அல்ல. பொடியை வாங்காமல் கிழங்காக வாங்குங்கள். முதலில் ஒரு சின்னத் துண்டு, இரண்டு விரல் தடிமன், அதுவும் ஒரு வேளை. வயிறு ஒத்துக்கொண்டால் மெல்ல ஏற்றலாம். தோல் சீவச் சிரமப்பட வேண்டாம், நன்றாகத் தேய்த்துக் கழுவினால் தோலோடு சமைக்கலாம். ரொம்ப வேகவைத்தால் கொழகொழத்துவிடும், வாணலியில் கடுகு தாளித்து மூடிபோட்டுச் சில நிமிடம் போதும். புளிக்குழம்பில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் புளிப்பும் சூடும் சேர்ந்து இனுலினை ஓரளவு உடைத்து ஃப்ரக்டோஸாக்கும். வாயு குறையும், இனிப்பு கூடும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய காரணமும் குறையும். ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் கிடந்தாலும் அதேதான் நடக்கிறது. இனிக்கும் பழைய கிழங்கு ருசியானது, சுகர்காரருக்குப் புதுக் கிழங்குதான் நல்லது. வாங்கியதில் ஒரு துண்டைத் தொட்டியில் நட்டுப் பார்க்கலாம், நாலைந்து மாதப் பயிர். குளிர்நாட்டுச் செடி என்பதால் வேலூர் வெயிலில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கவேண்டாம். பிடித்துக்கொண்டால் மண்ணில் விட்டுப்போன சின்னத் துண்டிலிருந்துகூட மறுபடி கிளம்பும், அதனால் தரையில் நடாமல் தொட்டியோடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். ஆர்ட்டிசோக்குக்குக் கொடுக்க நினைத்த காசில் சுகர் மீட்டருக்கு ஒரு டப்பா ஸ்ட்ரிப் வாங்கு. ஒரு நாள் மாமாவுக்கு வழக்கமான மதியச் சாப்பாடு போட்டு, முதல் வாய்க்கு முன்னால் ஒரு தடவை, அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்த்து எழுதிவை. இன்னொரு நாள் அதே குழம்பு, அதே மாத்திரை, ஒரு கரண்டிச் சோறு மட்டும் குறைவு, அந்த இடத்தில் நூக்கல் கூட்டு. மறுபடி இரண்டு தடவை. பிறகு கருணை, பிறகு களி, ஒவ்வொரு நாளும் ஒன்றை மட்டும் மாற்று. அந்தத் தாளை அடுத்த முறை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு. ஆர்ட்டிசோக் அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் கால் கிலோ வாங்கி அதையும் இதே மாதிரி சோதித்துப் பார், கிலோ கணக்கில் ஆர்டர் போடாதே.